கடற்கரை வரைபடத்தில் நம் களம் எங்கே?

ஒரு நாள் மாலை. எங்கள் கற்றல் மையத்தில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். எல்லோரும் மீனவப் பெண்கள். பாடப் புத்தகத்தை மூடி வைத்தேன்.

"இன்றைக்கு எழுத்து வேண்டாம். நம் ஊரைப் படமாக வரைவோம்" என்றேன்.

கோலமாவு எடுத்தேன். சிமெண்ட் தரையில் முதலில் கடலை வரைந்தேன். பிறகு ரோடு வரைந்தேன். கோயில், பள்ளிக்கூடம், ரேஷன் கடை, வீடுகள் எல்லாம் வரைந்தேன். கடலுக்கும் வீடுகளுக்கும் நடுவே கொஞ்சம் இடம் இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.

எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒரு அக்கா மட்டும் குனிந்து எதையோ தேடினார்.

"என்னக்கா தேடுறீங்க?"

"கருவாட்டுக் களம் எங்க தங்கச்சி?"

நான் காலியாக விட்ட இடத்தைக் காட்டினேன். "இது வெறும் மணல்தானே அக்கா" என்றேன்.

"வெறும் மணலா? இருபது வருசமா அங்கதான் மீன் காயப்போடுறேன். என் ரெண்டு பிள்ளைகளும் படிச்சது அந்த மணல்லதான்" என்றார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. நான் தினமும் ரோட்டு வழியாக வருகிறேன். ரோட்டு வழியாகவே போகிறேன். அதனால் ரோடு தெரிந்தது. களம் தெரியவில்லை. வரைகிறவருக்குத் தெரிந்ததுதான் படத்தில் வரும். தெரியாதது வராது.

அன்று நான் கற்ற பாடம் இது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி ஒரு பெரிய வரைபடத்தைப் பற்றிப் பார்ப்போம்.

அரசு ஏன் கடற்கரையை வரைகிறது?

நம் நாட்டில் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986ஆம் ஆண்டு வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் 1991ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. கடற்கரையை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தக் கூடாது என்றது. கடலோரத்தில் எங்கே கட்டலாம், எங்கே கட்டக் கூடாது, எங்கே கழிவைக் கொட்டக் கூடாது என்று விதிகள் செய்தது. 2011இல் அந்த அறிவிக்கையை மாற்றி எழுதினார்கள். 2019இல் மறுபடியும் மாற்றினார்கள்.

இந்த விதிகள் பொருந்தும் பகுதிக்குக் கடலோர ஒழுங்குமுறை மண்டலம் என்று பெயர். கடல் ஓரத்தில் நிலத்தின் பக்கமாக 500 மீட்டர் வரை இந்த மண்டலம் வரும்.

ஒரு கேள்வி. எங்கிருந்து 500 மீட்டர்? அலை ஒரு நாள் இங்கே வரும். ஒரு நாள் அங்கே வரும். எந்த இடத்திலிருந்து அளப்பது?

மீனவர்களுக்கு இது தெரியும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் அதிகம் ஏறும். அப்போது தண்ணீர் எதுவரை ஏறி வருகிறதோ, அந்த இடத்தில் ஒரு கோடு போட வேண்டும். இதற்கு உயர் ஓதக் கோடு என்று பெயர். ஓதம் என்றால் கடல் ஏறுவது. இந்தக் கோட்டிலிருந்துதான் 500 மீட்டர் அளப்பார்கள்.

கோடு பத்து மீட்டர் தள்ளிப் போனால், விதியும் பத்து மீட்டர் தள்ளிப் போகும். ஒரு வீடு கோட்டுக்கு உள்ளே வரும். அல்லது வெளியே போகும். அதனால்தான் வரைபடம் முக்கியம். அறிவிக்கையில் விதி இருக்கிறது. அந்த விதி எந்த மண்ணில் செல்லும் என்பது வரைபடத்தில் இருக்கிறது.

நான்கு வகை நிலம்

கடலோர மண்டலத்தை நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள்.

முதல் வகை, மிகவும் கவனமாகக் காக்க வேண்டிய இடம். அலையாத்திக் காடு, பவளப்பாறை, ஆமை முட்டையிடும் கரை போன்றவை இதில் வரும். ஓதம் ஏறி இறங்கும் பகுதியும் இதில் சேரும்.

இரண்டாம் வகை, ஏற்கனவே கட்டடங்கள் நிறைந்த நகரப் பகுதி.

மூன்றாம் வகை, பெரும்பாலும் கிராமப் பகுதி. மீனவ ஊர்கள் பல இதில்தான் இருக்கின்றன.

நான்காம் வகை, தண்ணீர்ப் பகுதி. கடலும் கழிமுகமும் இதில் வரும்.

மூன்றாம் வகையில் ஒரு தனி விதி உண்டு. உயர் ஓதக் கோட்டை ஒட்டிய நிலத்தில் புதுக் கட்டடங்கள் பொதுவாகக் கூடாது. 2011 அறிவிக்கைப்படி இது 200 மீட்டர். 2019 அறிவிக்கை கிராமங்களை இரண்டாகப் பிரித்தது. ஒரு சதுர கிலோமீட்டரில் 2,161 பேருக்கு மேல் வாழ்ந்தால் 50 மீட்டர். மற்ற இடங்களில் 200 மீட்டர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கை வைத்து இதைப் பார்க்கிறார்கள்.

அப்படியானால் மீனவர் என்ன செய்வது? 2011 அறிவிக்கை இதற்கு வழி சொன்னது. மீன் உலர்த்தும் களம், ஏலக் கூடம், வலை பழுது பார்க்கும் இடம், படகு கட்டும் இடம், ஐஸ் தொழிற்கூடம் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. இவை கரையை ஒட்டி இருக்கலாம் என்றது. இவற்றை வரைபடத்திலும் குறிக்க வேண்டும் என்றது. மீனவர் எல்லோருக்கும் பொதுவான இடங்களையும் குறிக்க வேண்டும் என்றது.

எங்கள் அக்கா கேட்ட கேள்வியும் இதுதான். களம் எங்கே?

படம் எப்படி உருவாகிறது?

கடலோர வரைபடத்தை ஒரே ஆள் ஒரே நாளில் வரைவதில்லை. பல வேலைகள் சேர்ந்துதான் அது உருவாகிறது.

முதலில் வானத்திலிருந்து படம் எடுக்கிறார்கள். 1988ஆம் ஆண்டு மார்ச் 17 அன்று இந்தியாவின் ஐ.ஆர்.எஸ். 1ஏ செயற்கைக்கோள் விண்ணுக்குப் போனது. நிலத்தையும் நீரையும் காட்டையும் படம் எடுப்பதற்காகவே அதை அனுப்பினார்கள். அதன் பிறகு இதே வேலைக்காகப் பல செயற்கைக்கோள்களை நம் நாடு அனுப்பியது.

செயற்கைக்கோள் படம் கோலப் புள்ளி போன்றது. சிறு சிறு சதுரங்கள் சேர்ந்து படமாகின்றன. ரிசோர்ஸ்சாட் செயற்கைக்கோளில் ஒரு வகைக் கருவி உண்டு. அதில் ஒரு சதுரத்தின் பக்கம் 23.5 மீட்டர். அதாவது சுமார் 14 சென்ட் நிலம். அந்த 14 சென்டுக்கும் படத்தில் ஒரே நிறம்தான். ஐந்து சென்ட் களம் அதற்குள் கரைந்துவிடும். இதைவிட நுட்பமான செயற்கைக்கோள்களும் இருக்கின்றன. கார்ட்டோசாட் வகைச் செயற்கைக்கோள்களில் சில, ஒரு மீட்டரை விடச் சிறிய பொருளையும் காட்டும்.

பிறகு ஆட்கள் கரைக்கு வருவார்கள். ஓதம் விட்டுச் சென்ற தடம் எங்கே, செடிகொடி எங்கே தொடங்குகிறது, கல்சுவர் எங்கே இருக்கிறது என்று பார்ப்பார்கள். இடத்தைத் துல்லியமாகக் காட்டும் கருவி கையில் இருக்கும். அதைக் கொண்டு இடத்தைக் குறிப்பார்கள்.

உயர் ஓதக் கோட்டை நாடு முழுவதும் ஒரே முறையில் வரைய வேண்டும். அந்த வேலையைச் சென்னையில் உள்ள ஒரு தேசிய மையம் செய்கிறது. அதன் பெயர் தேசிய நிலையான கடலோர மேலாண்மை மையம். 2011இல் தொடங்கினார்கள். அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தைச் சேர்ந்தது.

அடுத்து, கம்ப்யூட்டரில் படங்களை ஒன்றன் மேல் ஒன்றாக வைக்கிறார்கள். கண்ணாடித் தாள்களை அடுக்குவது போல. ஒரு தாளில் ஓதக் கோடு. ஒரு தாளில் அலையாத்திக் காடு. ஒரு தாளில் சர்வே எண்கள். ஒரு தாளில் வீடுகள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், எந்த சர்வே எண் எந்த வகை நிலத்தில் வருகிறது என்று தெரியும். இதைப் புவியியல் தகவல் அமைப்பு என்கிறார்கள்.

ஒரு தாளை மறந்துவிட்டால்? அந்தத் தாளில் இருந்த எல்லாமே படத்தில் இல்லாமல் போகும்.

செயற்கைக்கோளுக்குத் தெரியாதது

செயற்கைக்கோளுக்கு நிறம் தெரியும். பயன் தெரியாது.

மணல் வெள்ளையாகத் தெரியும். அதில் கருவாடு காய்கிறதா, வலை காய்கிறதா, பிள்ளைகள் விளையாடுகிறார்களா என்று அதற்குத் தெரியாது. நிலத்தைப் படம் எடுக்கும் நம் செயற்கைக்கோள்கள் பல, காலை 10:30 மணி வாக்கில் நம் தலைக்கு மேலே போகின்றன. அந்த நேரத்தில் படகு கடலில் இருந்தால் கரை காலி. மழைக்காலத்தில் மேகம் மறைக்கும். மழைக்காலத்தில் கருவாடும் போடுவதில்லை. ஒரு நாள் படத்தைப் பார்த்து ஓராண்டுப் பிழைப்பைச் சொல்ல முடியாது.

காட்டுக் கணக்கிலும் இதைப் பார்க்கலாம். உத்தராகண்ட் மாநிலம் டேராடூனில் இந்திய வன ஆய்வு நிறுவனம் இருக்கிறது. இதுவும் சுற்றுச்சூழல் அமைச்சகத்தைச் சேர்ந்ததுதான். 1981இல் தொடங்கியது. 1987இல் முதல் அறிக்கை வந்தது. அன்று முதல் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை என்ற கணக்கில் காடுகளைப் பற்றி அறிக்கை தருகிறது. 2023ஆம் ஆண்டு அறிக்கைப்படி, நாட்டின் நிலப்பரப்பில் 25.17 சதவீதம் காடும் மரங்களும் மூடியுள்ளன. இதே நிறுவனம் செயற்கைக்கோள் மூலம் காட்டுத் தீயைக் கண்டு, செல்போனுக்குச் செய்தியும் அனுப்புகிறது. நல்ல சேவை இது.

ஆனால் அந்தக் கணக்கில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட இடத்தில் மர நிழல் பத்து சதவீதம் இருந்தால் போதும். அது காட்டுப் பரப்பு என்று எண்ணப்படும். அது தென்னந்தோப்பாக இருக்கலாம். மாந்தோப்பாகவும் இருக்கலாம். மேலிருந்து பார்த்தால் எல்லாம் பச்சை. கீழே நின்று பார்ப்பவருக்குத்தான் தோப்புக்கும் காட்டுக்கும் வித்தியாசம் தெரியும்.

இது குற்றம் சொல்வதற்காக அல்ல. வானத்திலிருந்து பார்க்கும் கண்ணும் வேண்டும். தரையில் நிற்கும் மனிதர் சொல்லும் சொல்லும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் படம் முழுமையாகும்.

ஒரு கடுகு அளவு

இப்போது ஒரு சின்னக் கணக்கு போடுவோம். பென்சிலும் அடிக்கோலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வரைபடத்தின் ஓரத்தில் 1:25,000 என்று எழுதியிருக்கும். இதற்கு அளவுத் திட்டம் என்று பெயர். படத்தில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் 25,000 சென்டிமீட்டர். அதாவது 250 மீட்டர்.

இன்னொரு வகைப் படத்தில் 1:4,000 என்று இருக்கும். அதில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் 40 மீட்டர்.

எங்கள் ஊர்க் களத்தின் நீளம் 20 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதல் படத்தில் அது ஒரு மில்லிமீட்டர் கூட வராது. ஒரு கடுகை விடச் சிறியது. இரண்டாம் படத்தில் அரை சென்டிமீட்டர் வரும். விரலை வைத்துக் காட்டலாம்.

அதனால் ஊர் மக்கள் கேட்டுப் பார்க்க வேண்டியது 1:4,000 படத்தைத்தான். அதில் சர்வே எண்ணும் இருக்கும்.

அளவு மாறினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். இந்தியக் கடற்கரையின் நீளம் 7,516 கிலோமீட்டர் என்று பல ஆண்டுகளாகப் புத்தகங்களில் இருந்தது. மத்திய உள்துறையின் 2023–24 ஆண்டறிக்கையில் புதுக் கணக்கு வந்தது. நீளம் 11,098 கிலோமீட்டர். கடற்கரை வளர்ந்துவிட்டதா? இல்லை. முன்பு விவரம் குறைந்த படத்தில் அளந்தார்கள். பிறகு விவரம் கூடிய படத்தில் அளந்தார்கள். சிறு வளைவும் சிறு கழியும் கணக்கில் வந்தன. அவ்வளவுதான். கரை மாறவில்லை. பார்த்த கண் மாறியது.

மும்பையிலும் கோவாவிலும்

மும்பை நகரில் கோலி என்னும் மீனவ மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுடைய குடியிருப்புக்குக் கோலிவாடா என்று பெயர். சுற்றிலும் நகரம் வளர்ந்துவிட்டது. 2011 அறிவிக்கை அவர்களுக்காக ஒரு விதி சொன்னது. கோலிவாடாக்களை வரைபடத்தில் குறித்து மூன்றாம் வகை நிலமாக அறிவிக்க வேண்டும் என்றது. ஆனால் எந்தக் கோலிவாடாவை? 1981ஆம் ஆண்டு வளர்ச்சித் திட்டத்திலோ மாநில அரசின் ஆவணங்களிலோ அடையாளம் கண்டிருக்க வேண்டும் என்றது. அதாவது 1981இல் ஒருவர் தாளில் குறித்தது, முப்பது ஆண்டு கழித்துத் தேவைப்பட்டது. தாளில் இருக்கும் பெயருக்கு அவ்வளவு மதிப்பு.

கோவாவில் புதிய கடலோர வரைபடத்தின் வரைவு வந்தது. வரைவு என்றால் முடிவு செய்வதற்கு முன் காட்டும் படம். தங்கள் ஊரின் மணல்மேடு, வரப்பு, மதகு, மீனவர் குடியிருப்பு பலவும் சரியாக வரவில்லை என்று மக்கள் சொன்னார்கள். 2021 மார்ச் மாதம் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. பேசப் போதிய வாய்ப்பு இல்லை என்று புகார் எழுந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கூட்டத்தை மறுபடியும் நடத்தச் சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் மறுபடியும் கூட்டம் நடந்தது.

இதில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன? வரைவுப் படத்தை மாற்றலாம். மாற்றச் சொல்ல நமக்கு உரிமை உண்டு.

நாம் என்ன செய்யலாம்?

ஒவ்வொரு கடலோர மாநிலத்திலும் கடலோர மண்டல மேலாண்மை ஆணையம் இருக்கிறது. இந்தப் படங்களை அது வைத்திருக்கும். வரைவுப் படம் வந்ததும் மாவட்டத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். இது விதி.

கூட்டத்துக்கு முன்பே தயாராவோம்.

1. படத்தை வாங்குங்கள். ஆணையத்தின் இணையதளத்தில் படம் இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கேட்டால் செல்போனில் எடுத்துத் தருவார்கள். கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு எழுதிக் கேட்கலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள் கட்டணம் கட்ட வேண்டாம்.

2. படத்தைத் திருப்பி வையுங்கள். வடக்கு என்று ஓர் அம்புக்குறி இருக்கும். அதை வடக்குப் பக்கம் பார்க்க வையுங்கள். இப்போது படமும் ஊரும் ஒரே திசையில் இருக்கும்.

3. குறி விளக்கத்தைப் பாருங்கள். எந்த நிறம் எந்த வகை நிலம், எந்தக் கோடு எதைக் காட்டுகிறது என்று ஓரத்தில் இருக்கும். பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். படித்த பிள்ளைகளை வைத்துத் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள்.

4. உங்கள் சர்வே எண்ணைத் தேடுங்கள். பட்டாவில் அந்த எண் இருக்கும். பொது இடத்தின் எண்ணைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள்.

5. படத்தை எடுத்துக்கொண்டு கரையில் நடங்கள். பெரியவர்களையும் பெண்களையும் அழைத்துச் செல்லுங்கள். படகு நிற்கும் கரை, களம், வலை காயும் இடம், ஏலக் கூடம், சுடுகாடு, கடலுக்குப் போகும் பாதை எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

6. விடுபட்டதை எழுதுங்கள். இடத்தின் பெயர், சர்வே எண், எத்தனை ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறோம், எத்தனை குடும்பம் என்று எழுதுங்கள். கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். கூட்டத்தில் கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். ஒரு நகலை ஊரில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாயால் சொன்னது காற்றோடு போகும். எழுதியது கோப்பில் நிற்கும்.

மறுநாள் மாலை

மறுநாள் வகுப்புக்குப் போனேன். தரையில் நான் வரைந்த படம் பாதி அழிந்திருந்தது. அந்த அக்கா எனக்கு முன்பே வந்திருந்தார். கையில் சாக்பீஸ் இருந்தது.

கடலுக்கும் வீடுகளுக்கும் நடுவே ஒரு கட்டம் போட்டிருந்தார். அதற்குள் எழுதிக்கொண்டிருந்தார். "கருவாட்டுக் களம்" என்று எழுதி முடிக்க வெகு நேரம் ஆனது. "ட்டு" எழுதும்போது ஒரு முறை அழித்தார். மறுபடியும் எழுதினார்.

பிறகு மற்ற பெண்கள் வந்தார்கள். ஒருவர் வலை காயும் இடத்தைக் குறித்தார். ஒருவர் நல்ல தண்ணீர் ஊற்றைக் குறித்தார். ஒருவர் கடலுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையை வரைந்தார். அந்தப் பாதை எனக்குத் தெரியவே தெரியாது.

நான் காலியாக விட்ட இடத்தில் இப்போது காலி இடமே இல்லை.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் ஊரில் எல்லோருக்கும் பொதுவான இடங்கள் எவை? பட்டியல் எழுதுங்கள்.

2. அவற்றில் எவை அரசுப் பதிவில் இருக்கின்றன? எவை இல்லை?

3. உங்கள் ஊரைத் தரையில் வரையுங்கள். முதலில் பெண்கள் வரையட்டும். பிறகு ஆண்கள் வரையட்டும். இரண்டு படத்துக்கும் என்ன வித்தியாசம்?

4. 1:4,000 படத்தில் 3 சென்டிமீட்டர் என்றால் தரையில் எத்தனை மீட்டர்? கணக்குப் போட்டுப் பாருங்கள்.